டு பாய்ஸ் படம் வேண்டுமா? பழைய உருவப்படத்தைத் தேடுவதிலிருந்து அச்சுக்கு அனுப்புவது வரை

அமெரிக்கக் கருப்பினச் சமூகவியலாளரும் உரிமைப் போராளியுமான டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள், அவரை மொழிபெயர்க்கிறவர்கள், கூட்டத்துக்கு பேனர் அடிக்கிறவர்கள் எல்லோரும் கடைசி நேரத்தில் செய்வது ஒன்றுதான்: கூகுளில் பெயரைத் தட்டி, முதலில் வரும் படத்தை இறக்கி, டிடிபி செய்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது. வாட்ஸ்அப் அதை இன்னொரு சுற்று நசுக்கும். அச்சில் வரும்போது தாடி எது, கழுத்து நிழல் எது என்று தெரியாது. யார் எடுத்தது, எந்த ஆண்டு, மூலப்படம் எங்கே இருக்கிறது என்ற விவரம் ஒன்றும் இருக்காது. கீழே 'நன்றி: இணையம்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

டு பாய்ஸ் விஷயத்தில் இந்தக் கஷ்டம் தேவையே இல்லை. அவருடைய நல்ல படங்கள் பலவும் பெரிய அளவில், முழு விவரத்தோடு, காசில்லாமலே கிடைக்கின்றன. எங்கே போய், எதைப் பார்த்து, எப்படி எடுப்பது என்று தெரிந்தால் போதும். நிதானமாகச் செய்தாலும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை.

படி 1: எந்த வயது டு பாய்ஸ் வேண்டும்?

தேட ஆரம்பிக்கும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். டு பாய்ஸ் 1868 பிப்ரவரி 23 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டனில் பிறந்தவர். 1963 ஆகஸ்ட் 27 அன்று கானாவின் அக்ராவில் இறந்தார். 95 ஆண்டு வாழ்க்கை. தாயின் மடியில் இருக்கும் கைக்குழந்தைப் படம் தொடங்கி கானா அதிபர் நிக்ருமாவோடு இருக்கும் கடைசிக் காலப் படங்கள் வரை கேமரா அவரை விடவே இல்லை.

இதில் பலர் எடுத்துப் போடுவது வெள்ளைத் தாடி வைத்த முதியவரை. பிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கி, கேள்விப் பட்டியலோடு கருப்பின மக்களின் வாழ்க்கையைக் கணக்கெடுத்து 1899-இல் ஆய்வை வெளியிட்டபோது அவருக்கு வயது 31. அந்த ஆய்வைப் பற்றிய கட்டுரைக்கு 78 வயதுப் படத்தைப் போட்டால், படிக்கிறவர் மனதில் ஒரு தாத்தா படியேறி வந்து கதவைத் தட்டுவார். இது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம். எழுதப்போகும் நூலோ நிகழ்ச்சியோ எந்த ஆண்டைச் சேர்ந்ததோ, அதற்கு முன்பின் ஐந்தாறு ஆண்டுக்குள் எடுத்த படமாகத் தேடுங்கள்.

அதற்கு உதவியாகச் சில ஆண்டுகள்: 1888 ஃபிஸ்க் பல்கலைக்கழகப் பட்டம், 1890 ஹார்வர்ட் பட்டம், 1892 முதல் 1894 வரை பெர்லின், 1895 ஹார்வர்ட் முனைவர் பட்டம் (அங்கே அதைப் பெற்ற முதல் கருப்பினத்தவர் இவர்தான்), 1897 முதல் அட்லாண்டா பல்கலைக்கழகம், 1910-இல் நியூயார்க் வந்து 1934 வரை 'தி க்ரைசிஸ்' இதழின் ஆசிரியர், 1951-இல் வெளிநாட்டு ஏஜென்ட் என்று வழக்கு, அதே ஆண்டில் விடுதலை, 1961-இல் கானா. இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், தேதி இல்லாத படம் கையில் கிடைத்தாலும் தோராயமாக எங்கே பொருந்தும் என்று சொல்லிவிடலாம்.

படி 2: தெரிந்த படங்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டு பாய்ஸின் உருவப்படங்கள் நூற்றுக்கணக்கில் சுற்றுவது போலத் தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் நாலைந்து மூலப் படங்களின் வெட்டல், ஒட்டல், சாயம் பூசல்தான் பெரும்பாலும். அந்த நாலைந்தை அடையாளம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியின்போது எடுத்தது. உயரத் தொப்பி போட்ட இளம் பேராசிரியர். இது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் இருக்கும் டு பாய்ஸ் ஆவணத் தொகுப்பில் உள்ளது. மேலே சொன்ன 1899 ஆய்வுக்குக் காலத்தால் நெருக்கமான படம் வேண்டுமென்றால் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இரண்டாவது, 1907-இல் பாஸ்டனின் ஜேம்ஸ் இ. பர்டி எடுத்த ஸ்டுடியோ படம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய உருவப்பட அரங்கத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு 39 வயது. முறுக்கிய மீசை, கூராக வெட்டிய தாடி, ஏறத் தொடங்கிவிட்ட நெற்றி. 1903-இல் அவர் கட்டுரைத் தொகுப்பு வந்து பேரெடுத்த காலத்தையும், 1905-இல் கருப்பினத்தவரின் சம உரிமைக்காக நயாகரா இயக்கம் தொடங்கிய காலத்தையும் பற்றி எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது, 1911 வாக்கில் அடிசன் ஸ்கர்லாக் எடுத்தது. வாஷிங்டனில் கருப்பினத்தவர் நடத்திய ஸ்டுடியோக்களில் ஸ்கர்லாக்கினுடையது பேர்போனது. இதுவும் தேசிய உருவப்பட அரங்கத்தில்தான் உள்ளது.

நான்காவதுதான் எல்லோருக்கும் தெரிந்த முகம்: கார்னீலியஸ் மரியன் பாட்டி எடுத்த மார்பளவுப் படம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கிறது. 1918 என்றும் 1919 என்றும் இடத்துக்கு இடம் மாறி வரும், அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பாட்டி அப்போது டஸ்கீகி கல்வி நிலையத்தில் ஒளிப்படத் துறையை நடத்திக்கொண்டிருந்தார். டஸ்கீகி என்றால் கருப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் கட்டி எழுப்பிய இடம். அந்த வாஷிங்டனோடு டு பாய்ஸ் மல்லுக்கு நின்றது ஊரறிந்த கதை. வாஷிங்டன் 1915-இல் இறந்துவிட்டார் என்றாலும், அவருடைய எதிராளிக்கு நிலைத்துப்போன முகத்தைக் கொடுத்தது அவருடைய கோட்டையைச் சேர்ந்த ஒளிப்படக்காரர் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஐந்தாவது, கார்ல் வான் வெக்டன் 1946 ஜூலை 18 அன்று எடுத்தது. 78 வயது. இதுவும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில். இதற்கும் ஒரு பின்கதை உண்டு: 1926-இல் வான் வெக்டன் நியூயார்க்கின் கருப்பினப் பகுதியான ஹார்லெமை வைத்து எழுதிய நாவலை டு பாய்ஸ் தன் இதழில் கிழிகிழி என்று கிழித்திருந்தார். 20 ஆண்டு கழித்து அதே ஆளின் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

அம்பேத்கரோடு சேர்த்து டு பாய்ஸைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்த ஐந்தாவது படம் தானாக அமைந்த பொருத்தம். அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்கு அமெரிக்கக் கருப்பின மக்கள் கொடுத்த மனுவின் படி கேட்டது 1946-இல். டு பாய்ஸ் பதில் எழுதியது அதே ஆண்டு ஜூலை 31. அதாவது படம் எடுத்த அதே மாதம். அந்தப் பதிலை எழுதியவரின் முகம் அப்போது எப்படி இருந்ததோ அப்படியே நம்மிடம் இருக்கிறது, இதை விட்டுவிட்டு 1918 படத்தைப் போடுவானேன்?

இவை போக, குழுப் படங்கள் உண்டு. 1905 நயாகரா இயக்கத்தாரின் படம் அடிக்கடி கண்ணில் படும்; நடு வரிசையில் டு பாய்ஸ் இருப்பார், பின்னால் நயாகரா அருவி கொட்டும். அந்த அருவி அங்கே இல்லை, ஆட்களின் படத்தை அருவிப் படத்தின்மேல் ஒட்டிச் செய்தது அது. அந்தக் காலத்திலேயே நம் ஊர் ஸ்டுடியோ வேலை எல்லாம் நடந்திருக்கிறது. 'அருவிக் கரையில் தலைவர்கள்' என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள்.

படி 3: எங்கே தேடுவது, எப்படித் தேடுவது

நேராக மூலக் காப்பகங்களுக்குப் போங்கள். கூகுள் படத் தேடலும் பின்டெரெஸ்டும் கடைசியில்.

மிகப் பெரிய குவியல் ஆம்ஹர்ஸ்டில் இருக்கிறது. 1961-இல் கானாவுக்குப் புறப்பட்டபோது டு பாய்ஸ் தன் காகிதங்களை வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் ஆப்தெக்கரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவை ஆண்டுக்கணக்கில் அவர் பொறுப்பில் இருந்து, 1973-இல் டு பாய்ஸின் இரண்டாவது மனைவி ஷெர்லி கிரஹாமிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. தொகுப்பு எண் எம்எஸ் 312. இன்று கடிதங்களோடு படங்களும் ஸ்கேன் செய்யப்பட்டு 'கிரீடோ' என்ற அவர்களுடைய இணையக் களஞ்சியத்தில் திறந்து கிடக்கின்றன. அங்கே போனதும் பெயரைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து கொட்டும். பக்கவாட்டில் இருக்கும் வடிகட்டியில் ஒளிப்படம் என்ற வகையை மட்டும் தேர்ந்தெடுங்கள், பிறகு ஆண்டை வைத்துச் சுருக்குங்கள். குடும்பப் படங்கள், வகுப்புப் படங்கள், பயணப் படங்கள் இங்கே கிடைக்கும். மனைவி நைனாவோடும் கைக்குழந்தை பர்க்ஹார்ட்டோடும் இருக்கும் படமும் இங்கேதான். அந்தக் குழந்தை 1899-இல் அட்லாண்டாவில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனது, படத்தைப் பயன்படுத்துகிறவர் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பயன்படுத்துவது நல்லது.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் 'பிரிண்ட்ஸ் அண்ட் போட்டோகிராஃப்ஸ்' பிரிவின் பட்டியலில் தேட வேண்டும், பொதுப் பட்டியலில் அல்ல. இரண்டும் வேறு. ஸ்மித்சோனியனுக்கு 'ஓப்பன் ஆக்சஸ்' என்ற தனிப் பக்கம் 2020-இல் வந்தது. சிசி0 முத்திரை உள்ள படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க் பொது நூலகத்தின் ஷோம்பர்க் மையம் ஹார்லெமில் இருக்கிறது, அதன் படங்கள் நூலகத்தின் எண்ணிமத் தொகுப்பில் உண்டு. பொதுவுடைமைப் படங்களை, அதாவது காப்புரிமைத் தடை இல்லாத 'பப்ளிக் டொமைன்' படங்களை, மட்டும் காட்டும் பொத்தானை அழுத்திவிட்டுத் தேடுங்கள்.

பெயரை எப்படித் தட்டுவது என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. சில பதிவுகளில் 'டு' தனியாக, 'பாய்ஸ்' தனியாக இருக்கும். சிலவற்றில் சேர்ந்து இருக்கும். இரண்டு விதமாகவும் தேடுங்கள். நூலகப் பட்டியலில் முறையான தலைப்பு குடும்பப் பெயரில் தொடங்கி, முழுப் பெயர் அடைப்புக்குறியில், பிறகு 1868-1963 என்று ஆண்டு. அந்தத் தலைப்பின் மேலேயே சொடுக்கினால் அவர் தொடர்பான எல்லாப் பதிவுகளும் ஒரே இடத்தில் வரும், சொல்லைத் தட்டித் தேடுவதைவிட இது சுத்தம். வெறும் குடும்பப் பெயரையும் சமூக அறிவியலாளர் என்பதையும் போட்டுத் தேடினால் கோரா டு பாய்ஸும் வந்து நிற்பார். அவர் மானிடவியலாளர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு அமைப்புக்காக நம் பக்கத்து இலங்கையின் கண்டியில் வேலை பார்த்தவர். சுவாரசியமான ஆள்தான், ஆனால் நாம் தேடுகிற ஆள் இல்லை.

விக்கிமீடியா காமன்ஸை ஒதுக்க வேண்டாம். அதை மூலத்துக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எங்கிருந்து வந்தது என்ற இணைப்பு இருக்கும்; அதைப் பிடித்துக் காப்பகப் பதிவுக்குப் போங்கள். அங்கே இருக்கும் படங்களில் சில யாரோ தூசி துடைத்துச் சீர்செய்த வடிவங்கள், அப்படிச் செய்தது கீழே குறிப்பாக எழுதப்பட்டிருக்கும்.

யாரோ அனுப்பிய மூலம் தெரியாத படம் கையில் இருந்தால் கூகுள் லென்ஸிலோ டின்ஐ என்ற படத்தேடல் தளத்திலோ போட்டுப் பாருங்கள். டின்ஐயில் பழையது முதலில், பெரியது முதலில் என்று வரிசைப்படுத்தலாம். பெரியதைப் பாருங்கள், வெட்டாத விளிம்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

படி 4: காப்பகப் பதிவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த இடத்தைத்தான் எல்லோரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். படத்தை இறக்கிவிட்டுப் பக்கத்தை மூடிவிடுவார்கள். படத்தைவிட அதன் பதிவு முக்கியம் என்றே நான் சொல்வேன்.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பதிவை எடுத்துக்கொள்வோம். தலைப்பு சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது ஒளிப்படக்காரர் வைத்த தலைப்பு இல்லை, பட்டியல் போட்டவர் படத்தைப் பார்த்து எழுதியது. 'தலையும் தோளும், சற்றே வலப்பக்கம் பார்க்கும் உருவப்படம்' என்ற மாதிரி உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஆனால் அந்த 'வலப்பக்கம்' நமக்கு மிகவும் உபயோகம், அடுத்த படியில் பார்க்கலாம்.

அப்புறம் தேதி. ஆண்டுக்கு முன்னால் ஒட்டினாற்போல ஆங்கில 'சி' என்ற ஒற்றை எழுத்து இருந்தால், அது காப்புரிமைக்காகப் பதிந்த ஆண்டு. உத்தேசமான ஆண்டைச் சொல்ல 'சிஏ' என்று இரண்டெழுத்து போடுவார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து 'சுமார் 1919' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். எடுத்த ஆண்டு ஒன்று, பதிந்த ஆண்டு ஒன்று என்று இருப்பது அந்தக் கால ஸ்டுடியோக்களில் சகஜம். ஒரே படத்துக்கு இரண்டு ஆண்டு சுற்றும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எண்களில், 'எல்சி-யுஎஸ்இசட்62' என்று தொடங்குவது மூல நெகட்டிவின் எண் அல்ல. நூலகத்தில் இருக்கும் அச்சுப் படத்தைப் பின்னாளில் மறுபடி ஒளிப்படம் எடுத்துச் செய்த கருப்பு வெள்ளை நகல் நெகட்டிவின் எண். ஆகவே இணையத்தில் நீங்கள் பார்ப்பது படத்தின் படமாக இருக்கலாம். கொஞ்சம் கூர்மை குறைந்தும், நிழல் அடைத்தும் தெரிந்தால் காரணம் அதுதான், டு பாய்ஸோ பாட்டியோ பொறுப்பில்லை. அச்சுப் படத்திலிருந்தே நேராக ஸ்கேன் செய்ததும் அதே பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதை எடுங்கள்.

உரிமை பற்றிய வரியில் 'வெளியிடத் தெரிந்த தடை ஏதுமில்லை' என்று வந்தால் நிம்மதி. ஆனால் அது உத்தரவாதம் இல்லை, தங்களுக்குத் தெரிந்த வரை தடை இல்லை என்று மட்டும்தான் அவர்கள் சொல்கிறார்கள். சில படங்கள் தபால்தலை அளவில் மட்டும் தெரியும், பெரிதாகத் திறக்காது. உரிமைச் சிக்கல் இருக்கலாம் என்பதால் நூலகக் கட்டடத்துக்கு வெளியே பெரிய அளவில் காட்டமாட்டார்கள். அந்த மாதிரிப் படத்தை விட்டுவிட்டு வேறு தேடுவதே புத்திசாலித்தனம்.

படி 5: படம் சரியானதுதானா?

கண்ணாடித் திருப்பம் முதல் சோதனை. லேஅவுட்டுக்காக முகத்தை உள்பக்கம் பார்க்க வைக்க வேண்டும் என்று படத்தைத் திருப்பிப் போடுவது பத்திரிகை உலகில் காலங்காலமாக நடக்கிற அட்டூழியம். கோட்டைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் மார்புப் பை அணிந்தவரின் இடப்பக்கம் இருக்கும், அதாவது படத்தைப் பார்க்கிற நமக்கு வலப்பக்கம். பித்தான் போட்டிருந்தால் இடது மடிப்பு வலதின் மேல் வரும். மாறி இருந்தால் படம் திரும்பியிருக்கிறது. அதோடு பதிவில் 'வலப்பக்கம் பார்க்கும்' என்று இருக்க, உங்கள் கையில் இருக்கும் படம் இடப்பக்கம் பார்த்தால் விஷயம் முடிந்தது. மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த பழைய டின்டைப் படங்கள் மட்டும் இயல்பாகவே இடவலம் மாறித்தான் இருக்கும், அவற்றை நீங்களாகத் திருப்பி 'சரி' செய்ய வேண்டாம்.

அடுத்து, வண்ணம். வான் வெக்டன் வண்ணத்திலும் படம் எடுத்தவர், அந்த ஸ்லைடுகள் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் பர்டி, ஸ்கர்லாக், பாட்டி படங்கள் வண்ணத்தில் வந்தால் அது பிற்காலத்தில் யாரோ பூசிய சாயம். மென்பொருள் ஒரு ஆளின் தோல் நிறத்தை எப்படித் தீர்மானிக்கிறது? ஊகத்தில்தான். தோல் நிறத்தின் பெயரால் மனிதர்களைப் பிரிப்பதை எதிர்த்து ஆயுள் முழுக்க எழுதியவரின் தோலுக்கு ஒரு செயலி நிறம் ஊகிப்பதை அட்டையில் போடாதீர்கள், தயவுசெய்து.

இன்னும் மோசம், செயற்கை நுண்ணறிவில் 'தெளிவாக்கிய' படங்கள். மங்கலான 400 பிக்சல் படத்தைப் பளிச்சென்று ஆக்கித் தரும். பெரிதாக்கிப் பாருங்கள்: கண்மணியில் ஒளிப்புள்ளி புதிதாக முளைத்திருக்கும், மீசை முடி ஒவ்வொன்றும் வரைந்த மாதிரி இருக்கும், காது மடலின் உள்மடிப்பு மாறியிருக்கும். மூலப்படத்தோடு பக்கத்தில் வைத்துக் காதை ஒப்பிடுவதுதான் நான் நம்பும் வழி. முகத்தை நம் மூளை எப்படியும் சரிக்கட்டிவிடும், காதை யாரும் கவனிப்பதில்லை என்பதால் பொய் அங்கே மாட்டிக்கொள்ளும்.

டு பாய்ஸும் அம்பேத்கரும் அருகருகே நிற்கும் 'அரிய படம்' என்று எதையாவது யாராவது அனுப்பினால் தூரப் போடுங்கள். நேரில் சந்தித்ததில்லை என்று அம்பேத்கரே அந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். இரண்டு தனிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் தப்பே இல்லை, நடுவில் ஒரு கோடு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியவில்லை. உருவப்படம் என்ன வேலை செய்யும் என்று டு பாய்ஸுக்கே நன்றாகத் தெரியும். 1900 பாரிஸ் கண்காட்சிக்கு அவர் புள்ளிவிவர வரைபடங்களோடு ஜார்ஜியா கருப்பின மக்களின் ஒளிப்பட ஆல்பங்களையும் கொண்டுபோனார். மொத்தம் 363 படங்கள், இன்று அவை லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உள்ளன. அட்லாண்டாவின் தாமஸ் ஆஸ்க்யூ எடுத்தவை சில என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். நன்றாக உடுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்க்கும் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். பலரை நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எடுத்திருக்கிறார்கள், அதாவது அந்தக் கால இனவியல்காரர்களும் போலீஸும் எடுத்த அதே பாணியில், ஆனால் அவர்கள் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்வதற்காக. பெரும்பாலான படங்களுக்கு அடியில் பெயர் கிடையாது. டு பாய்ஸ் பற்றிய நீண்ட கட்டுரை என்றால் அவர் முகத்தோடு இந்த ஆல்பத்திலிருந்து ஒரு பக்கத்தையும் சேருங்கள்.

படி 6: உரிமை

அமெரிக்கச் சட்டப்படி, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. 2026-இல் இருந்து பார்த்தால் 1930 வரை அங்கே வெளியானவை பொதுவுடைமை. கவனிக்க வேண்டியது 'வெளியான' என்ற சொல். எடுத்து ஆல்பத்திலேயே கிடந்த படம் வெளியானது ஆகாது. அதற்கு எடுத்தவர் இறந்து 70 ஆண்டு என்ற கணக்கு. எடுத்தவர் யாரென்றே தெரியாவிட்டால் எடுத்ததிலிருந்து 120 ஆண்டு. பாட்டி இறந்தது 1927-இல் என்பதால் எந்தக் கணக்கிலும் அவர் படத்துக்குச் சிக்கல் இல்லை. இந்தியச் சட்டத்தில் ஒளிப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு.

வான் வெக்டன் தனிக்கதை. அவர் 1964-இல் இறந்தார். லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கும் அவருடைய தொகுப்பு பொதுவுடைமை என்று நூலகமே சொல்கிறது. ஆனால் சாயம் பூசாதீர்கள், வெட்டாதீர்கள், எடுத்தவர் பெயரைப் போடுங்கள் என்று அவருடைய வாரிசுரிமைத் தரப்பு கேட்டுக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் கட்டாயம் இல்லைதான், கேட்டபடி செய்வதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? அதே வான் வெக்டனின் யேல் படங்களுக்கு இந்தத் தளர்வு பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே தனியாகக் கேட்க வேண்டும்.

1951 வழக்கின்போது எடுத்தவை, 1959-இல் சீனாவில் மாவோவோடு எடுத்தவை, அக்ராவில் எடுத்தவை எல்லாம் பெரும்பாலும் செய்தி நிறுவனங்களின் படங்கள் அல்லது எடுத்தவர் பெயர் தெளிவில்லாதவை. கேட்காமல் அட்டையில் போட வேண்டாம். இன்னொரு பக்கம், படம் விற்கும் ஏஜென்சிகள் பொதுவுடைமைப் படங்களையும் தங்கள் முத்திரை போட்டு விற்பார்கள். அதைப் பார்த்துப் பயந்து காசு கட்டும் முன், அதே படம் காப்பகத்தில் சும்மா கிடைக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: காப்பகத்துக்கு எழுதுவது

பெரிய கோப்பு இல்லை, அல்லது உரிமை தெளிவில்லை என்றால் மின்னஞ்சல் போடுங்கள். சிறிய பதிப்பகம்தானே, நமக்கெல்லாம் பதில் வருமா என்று தயங்க வேண்டாம். பதில் சொல்வதற்கென்றே அங்கே ஆள் இருக்கிறார்கள். சுருக்கமாக எழுதுங்கள்: படத்தின் அடையாள எண், எந்த நூலுக்கு அல்லது இதழுக்கு, உள்ளேயா அட்டையிலா, எத்தனை படி அச்சாகும், மின்னூல் உண்டா, லாப நோக்கம் உண்டா, எந்தத் தேதிக்குள் தேவை. 'டு பாய்ஸ் படம் ஒன்று தேவை' என்று மொட்டையாகக் கேட்டால் அவர்கள் திருப்பி நாலு கேள்வி கேட்பார்கள், ஒரு வாரம் போய்விடும். கட்டணம் கேட்டால் சிற்றிதழ் என்று சொல்லிக் குறைக்கக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

படி 8: அச்சுக்குத் தயார் செய்வது

டிஃப் கோப்பை இறக்குங்கள், ஜேபெக் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். டிரைவ் இணைப்பு கொடுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. நம் டெமி சைஸ் நூல் 5.5 அங்குலத்துக்கு 8.5 அங்குலம். அட்டை முழுக்கப் படம் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1650-க்கு 2550 பிக்சல் வேண்டும், ஓரம் வெட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதல். கணக்குப் போட வேண்டியது வெட்டிய பிறகு இருக்கும் பகுதிக்கு. முழுப் படம் 3000 பிக்சல் உயரம் இருந்தாலும் முகத்தை மட்டும் எடுத்தால் 800 கூட தேறாமல் போகலாம், நயாகரா மாதிரிக் குழுப் படத்திலிருந்து ஒரு தலையை வெட்டி அட்டைக்குப் பெரிதாக்குகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

உள்பக்கம் மேப்லித்தோ தாளில் கருப்பு ஒரே வண்ணத்தில் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மேப்லித்தோ மையை இழுக்கும், புள்ளி பரவும், நடுத்தர நிழல் எல்லாம் ஒரு படி கருத்துப்போகும். கருத்த தோல் உள்ள முகங்களில் கன்னம், கண்குழி, தாடி எல்லாம் ஒரே கரித்திட்டாக அடைத்துக்கொள்ளும். உடனே பலரும் செய்வது பிரைட்னஸை ஏற்றி முகத்தையே வெளுப்பாக்குவது. அது முகத்தை மாற்றுவது, சரிசெய்வது அல்ல. மொத்தமாக ஏற்றாமல், படத் திருத்த மென்பொருளின் கர்வ்ஸில் ஆழமான நிழல் பகுதியை மட்டும் லேசாகத் திறந்துவிடுங்கள். மிகக் கருப்பான இடம் 90 விழுக்காட்டுக்கு மேல் போகாமலும், சட்டைக் காலர் மாதிரி வெளுத்த இடம் 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமலும் வையுங்கள். அச்சகத்தாரிடம் அவர்கள் மெஷினுக்கு எவ்வளவு தாங்கும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், முடிந்தால் அதே தாளில் ஒரு சோதனைப் படி எடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் பார்த்து முடிவு செய்வது வீண்.

கோப்பை கிரேஸ்கேலுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் நான்கு வண்ணத்தில் போனால் முகத்தில் பச்சையோ சிவப்போ ஏறும். பழுப்பேறிய மூலத்தை அட்டையில் பழுப்பாகவே வைப்பதில் தவறில்லை, ஆனால் சுத்தமான கருப்பு வெள்ளைப் படத்துக்குப் 'பழைய லுக்' வேண்டும் என்று பழுப்பு ஏற்றுவது வேண்டாத வேலை. கீறலையும் தூசியையும் துடைக்கலாம். மூலப்படம் ஒட்டியிருக்கும் பழைய அட்டையின் அடியில் அச்சிட்டிருக்கும் ஸ்டுடியோ பெயரையும், ஒளிப்படக்காரரின் கையெழுத்தையும் துடைக்கக் கூடாது.

படி 9: குறிப்பு வரி

படத்தில் இருப்பவர், ஆண்டு, எடுத்தவர், இருக்கும் இடம், எண். இந்த வரிசை போதும். உதாரணமாக: 'டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், 1907. ஒளிப்படம்: ஜேம்ஸ் இ. பர்டி. தேசிய உருவப்பட அரங்கம், ஸ்மித்சோனியன் நிறுவனம், வாஷிங்டன்.' எண்ணைப் பதிவிலிருந்து பார்த்துக் கடைசியில் சேருங்கள். இடம் இல்லை என்று டிடிபி செய்கிறவர் சொன்னால், நூலின் பின்பக்கத்திலாவது எல்லாப் படங்களுக்கும் சேர்த்து ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். ஆண்டு உறுதியில்லை என்றால் 'சுமார்' என்று எழுதுங்கள், அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

கோப்பின் பெயரையும் அப்படியே வையுங்கள்: ஆண்டு, எடுத்தவர், காப்பகம், எண். 'டுபாய்ஸ் ஃபைனல் 2 புதுசு' என்று வைத்தால் இரண்டாம் பதிப்பு வரும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். பதிவுப் பக்கத்தையும் பிடிஎஃப்பாகச் சேமித்து, இறக்கிய தேதியோடு அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். நூல் வந்ததும் காப்பகம் ஒரு படி கேட்டிருந்தால், அதைத் தபாலில் அனுப்பும் செலவை முன்கூட்டியே பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவுக்கு ஒரு புத்தகம் அனுப்புவது இன்று சின்னக் காசு இல்லை.